தோட்டத்துப் பட்டறையும் ஒரு பந்தய மகிழுந்தும் – ஒரு வரலாற்றுப் பார்வை



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவருக்கும் பந்தய மகிழுந்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை எனக்கும் அக்கேள்விக்கு விடை தெரியாது. வரலாறு என்றால் மன்னர்கள், போர்கள், ஒப்பந்தங்கள் என்றே கற்பித்துப் பழகியவன் நான். துருப்பிடித்த மகிழுந்து ஒன்றும், அதன் அடியில் தொங்கிய இரண்டு பெல்ட்டுத் துண்டுகளும் அவ்வெண்ணத்தை மாற்றின. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் தந்தையார் கோல சிலாங்கூர் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் பட்டறையில் ஃபிட்டராகப் பணியாற்றியவர். ஆலையின் உருளைகள், டிராக்டர், லாரி, தண்ணீர்ப் பம்பு, துரைமார்களின் வாகனங்கள் என எது பழுதானாலும் அவரிடமே வரும். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தோட்டம் செம்பனைக்கு மாறி, பட்டறையும் இடிக்கப்பட்டுவிட்டது.

கிள்ளானில் மகிழுந்துப் பட்டறை வைத்திருக்கும் என் முன்னாள் மாணவர் ஒருவர் ஒருநாள் மாலை தொலைபேசியில் அழைத்தார். "சார், உங்க அப்பா வேலை பார்த்த தோட்டத்துச் சின்ன துரையோட கார் கிடைச்சிருக்கு. வந்து பாக்குறீங்களா?" என்றார். சின்ன துரை ஊர் திரும்பியபோது அம்மகிழுந்தைப் பெரிய கிராணிக்கு விற்றுவிட்டுப் போயிருந்தார். கிராணியின் குடும்பத்தார் தஞ்சோங் காராங்கில் வீட்டின் பின்புறக் கொட்டகையில் அதனை நிறுத்தி வைத்திருந்தனர். பேரப்பிள்ளைகள் வீட்டை விற்க முடிவு செய்தபோது அது என் மாணவரின் கைக்கு வந்தது.

அது 1968ஆம் ஆண்டு 'டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்'. இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரை மடக்கும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார். அதனைச் சீர்செய்து, சிப்பாங் பந்தயத் தடத்தில் தனியார் ஓட்டிப் பார்க்க அனுமதிக்கும் நாள்களில் ஓட்ட வேண்டும் என்பது என் மாணவரின் கனவு.

தோட்டமும் மகிழுந்தும்

மகிழுந்து என்பது துரைமார்களின் ஆடம்பரம், நமக்கு அதில் பங்கில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் மகிழுந்து இல்லையேல் நம்மில் பலர் இம்மண்ணில் பிறந்திருக்கவே மாட்டோம். 1888ஆம் ஆண்டு ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த சக்கரத்திற்கு உரிமம் பெற்றார். 1908ஆம் ஆண்டு ஃபோர்டு நிறுவனம் தனது 'டி' வகை மகிழுந்தை வெளியிட்டது. அதன்பின் உலகின் ரப்பர் தேவை மளமளவென உயர்ந்தது. மலாயாவின் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்காகவே தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் அழைத்து வரப்பட்டனர். டன்லப் நிறுவனமே மலாயாவில் பெருந்தோட்டங்களை வைத்திருந்தது. விடியற்காலையில் பிரட்டுக்குப் போய், பால் வெட்டி, ஸ்டோரில் அளந்து கொடுத்த ரப்பரில்தான் உலகத்து மகிழுந்துகள் ஓடின.

ஆனால் பட்டறைத் தமிழர்களைப் பற்றி எவரும் எழுதி வைக்கவில்லை. நான் காண நேர்ந்த சில தோட்டப் பதிவேடுகளில் எத்தனை ராத்தல் பால், எத்தனை பேர் வேலைக்கு வந்தனர் என்ற கணக்கே இருந்தது. யார் எந்த இயந்திரத்தை எவ்வாறு சரிசெய்தார் என்ற குறிப்பு ஒன்றுகூட இல்லை. என் தந்தையாரும் எழுதி வைக்கும் பழக்கம் உடையவர் அல்லர். தாம் செய்த இரும்புத் தகடுகளில் மாதத்தையும் ஆண்டையும் எண் அச்சால் தட்டி வைப்பது மட்டுமே அவருடைய பழக்கம்.

கோவென்ட்ரியில் பிறந்த வண்டி

ஸ்பிட்ஃபயரின் கதையை அறிய, அதன் மூத்த உடன்பிறப்பான 'ஹெரால்ட்' மகிழுந்தின் கதையை முதலில் அறிய வேண்டும். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இயங்கிய ஸ்டாண்டர்ட்-டிரையம்ஃப் நிறுவனம் 1950களில் ஓர் இக்கட்டில் சிக்கியது. அதற்கு உடற்கூடு செய்து தந்த 'ஃபிஷர் அண்ட் லட்லோ' நிறுவனத்தை 1953ஆம் ஆண்டு போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. முழு உடற்கூட்டை ஒரே துண்டாகச் செய்து தர ஆள் இல்லை. ஆகவே பழைய முறைப்படி தனி அடிச்சட்டம் ஒன்றைச் செய்து, அதன்மேல் உடற்கூட்டைத் துண்டு துண்டாக ஆணியிட்டு முடுக்கும் முறைக்கு அந்நிறுவனம் திரும்பியது. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைக்க, 1959ஆம் ஆண்டு ஹெரால்ட் வெளிவந்தது.

வேறு வழியின்றி எடுத்த அம்முடிவே பின்னர் வரமாயிற்று. துண்டுகளாகக் கப்பலில் ஏற்றி வேற்று நாடுகளில் பூட்டிக்கொள்ள ஹெரால்ட் மிகவும் வசதியாக இருந்தது. அடிச்சட்டத்தைச் சற்றே குறுக்கி அதன்மேல் வேறு உடற்கூட்டைப் பொருத்தினால் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் கிடைத்துவிடும். மிக்கெலோட்டி அப்படியொரு மாதிரியைச் செய்தும் கொடுத்தார். ஆனால் பணமுடையால் அது ஆலையின் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961ஆம் ஆண்டு லேலண்ட் நிறுவனம் டிரையம்ஃபை வாங்கியபின், புதிய நிர்வாகத்தினர் ஆலையைச் சுற்றிப் பார்க்கையில் அதனைக் கண்டெடுத்ததாகச் சொல்வர். 1962ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் அறிமுகமானது. 1980ஆம் ஆண்டுவரை மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன.

ஆக, ஸ்பிட்ஃபயர் என்பதே மாற்றியமைக்கப்பட்ட ஒரு குடும்ப வண்டிதான். இதனை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவேன்.

சென்னையில் இருந்த உறவினர்

ஹெரால்டின் துண்டுகள் கப்பலேறிய ஊர்களுள் நம் முன்னோரின் சென்னையும் ஒன்று. சென்னையை அடுத்த வண்டலூரில் 'ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்ற ஆலை இருந்தது. 1961ஆம் ஆண்டு முதல் அங்கே 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' உருவானது. அக்காலத்து இந்தியாவில் வெளிநாட்டு மகிழுந்துகளுக்குக் கடும் கட்டுப்பாடு. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வோருக்கு மட்டுமே இடம் என்று அரசு கூறிவிட்டதால், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1954ஆம் ஆண்டிலேயே வெளியேறிவிட்டது. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஆகிய மூன்றே பொதுமக்களின் தெரிவுகள். எனவே கோவென்ட்ரியிலிருந்து வந்துகொண்டிருந்த பாகங்களைச் சிறிது சிறிதாகச் சென்னையிலேயே செய்யத் தொடங்கினர். பின்னாளில், இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் அங்கேயே உருவாக்கினர்.

இது எங்கள் வீட்டுக்கும் தொடர்புடைய செய்தி. 1975ஆம் ஆண்டு என் தந்தையார் 'சிதம்பரம்' கப்பலில் தமிழ்நாட்டுக்குச் சென்று வந்தார். திரும்பியபோது ஒரு கனத்த சாக்குமூட்டையைச் சுமந்து வந்தார். பட்டுப்புடவை எதிர்பார்த்திருந்த அம்மா அதனை அவிழ்த்துப் பார்த்தபோது உள்ளே எண்ணெய் படிந்த இரும்பும் பித்தளையும் இருந்தன. "கடல் தாண்டிப் போயி காயலான் கடை சாமானா வாங்கிட்டு வந்தீங்க?" என்று அம்மா கேட்டது இன்றும் எங்கள் வீட்டில் நகைச்சுவை. அவை சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் வாங்கிய ஹெரால்டு பாகங்கள் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. சென்னை ஹெரால்டு 948 சிசி இயந்திரத்தோடேயே நின்றுவிட்டது. 1968ஆம் ஆண்டு ஸ்பிட்ஃபயரின் இயந்திரமோ 1,296 சிசி. ஆகவே பிஸ்டன் போன்றவை பொருந்தா. ஆனால் முன்சக்கரத் தாங்கியின் பாகங்கள் இரண்டிற்கும் உறவு உடையவை. கிராணியின் வண்டி மேலும் சில ஆண்டுகள் ஓடியது அம்மூட்டையால்தான்.

முன்சக்கரத் தாங்கியின் அடியில் 'டிரன்னியன்' என்ற மரையிட்ட பித்தளைப் பகுதி உண்டு. சக்கரம் திரும்பும்போது தாங்கித்தண்டு அதனுள் மரையில் சுழலும். அதற்குக் கிரீஸ் அடைக்கக் கூடாது, கெட்டியான கியர் எண்ணெய்தான் விட வேண்டும். கிரீஸ் உள்ளே இறுகிப்போய்த் தண்ணீர் புகுந்து துருவேறினால், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். என் மாணவர் அதனைக் கழற்றியபோது உள்ளே பிசுபிசுப்பாக எண்ணெய் இன்னும் இருந்தது. "இதுல கிரீஸ் அடைக்காத வண்டிய நான் பார்த்ததே இல்ல சார்" என்றார் அவர்.

வண்டியின் பிழை

இனி அந்தப் பெல்ட்டுத் துண்டுகளுக்கு வருவோம்.

ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பிறவிப் பிழை ஒன்று இருந்தது. அவற்றின் பின்சக்கரங்கள் 'சுவிங் ஆக்சில்' எனும் ஊசல் அச்சில் பொருத்தப்பட்டவை. அச்சின் உள்முனை நடுவிலுள்ள கியர்ப் பெட்டியோடு மூட்டாக இணைந்திருக்கும். வெளிமுனையில் சக்கரம் உறுதியாகப் பூட்டப்பட்டிருக்கும். பறவை சிறகை மேலும் கீழும் அசைப்பதுபோல் அச்சு அசையும். அவ்வாறு அசையும்போது சக்கரமும் சாயும். குண்டும் குழியுமான சாலையில் இது சுகமான ஏற்பாடு.

வளைவில் வேகமாகத் திரும்பும்போதுதான் ஆபத்து. ஓட்டுநர் அஞ்சித் திடீரெனக் காலை எடுத்தால் எடை முன்னோக்கிப் பாயும், வண்டியின் பின்புறம் மேலெழும். பின்சக்கரம் கீழ்நோக்கித் தொங்கி உட்புறமாக மடங்கும். சக்கரத்தின் ஓரம் மட்டுமே சாலையைப் பற்றியிருக்கும். மறுகணம் வண்டி சுழன்றுவிடும். இது டிரையம்ஃபுக்கு மட்டும் உரிய பிழை அன்று. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், மெர்சிடிஸ் 300 எஸ்எல் ஆகியவையும் ஊசல் அச்சு உடையவையே. அமெரிக்காவில் செவர்லே கோர்வேர் மகிழுந்தின் இதே குறையை ரால்ஃப் நேடர் 1965ஆம் ஆண்டு தம் நூலில் அம்பலப்படுத்தினார்.

சின்ன துரைக்கும் அதுதான் நேர்ந்தது. கோல சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் வழியாகச் சபாக் பெர்ணம் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையை அறிந்தவர்களுக்கு, ஒருபுறம் வயலும் மறுபுறம் பாரிட்டுமாக அது நீள்வது தெரியும். மழைக்காலத்தில் ஒருநாள் அவருடைய வண்டி வளைவொன்றில் சுழன்று பாரிட்டில் பின்புறமாக இறங்கிவிட்டது. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. டிராக்டர் கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்டார்கள். இதனைக் கிராணியின் மகள் எனக்குச் சொன்னார். அவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிய வயது.

என் மாணவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைக் கழுவியபோது, இருபுறப் பின்சக்கரத் தாங்கிகளையும் அடிச்சட்டத்தையும் இணைத்துத் தடித்த பட்டைகள் இரண்டு தொங்குவதைக் கண்டார். ரப்பர் ஆலையில் உருளைகளை ஓட்டும் இயந்திரப் பெல்ட்டிலிருந்து வெட்டிய துண்டுகள் அவை. முனைகளில் இரும்புத் தகடு வைத்து முடுக்கியிருந்தது. "யாரோ என்னமோ கட்டி வச்சிருக்காங்க" என்று எண்ணி அறுத்தெறிய இருந்தவர், தகட்டில் ஏதோ எண் இருப்பதைக் கண்டு நிறுத்தினார். அழுக்கைத் துடைத்தபோது '11 71' என்றிருந்தது. 1971ஆம் ஆண்டு நவம்பர் மாதம். என் தந்தையாரின் எண் அச்சு.

அந்தப் பட்டைகள் செய்யும் வேலை எளிமையானது. சக்கரம் ஓர் அளவுக்குமேல் கீழே தொங்காதபடி அவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தொங்காவிட்டால் மடங்காது. மடங்காவிட்டால் வண்டி எளிதில் சுழலாது. இதனை எனக்குப் படம் வரைந்து விளக்கிய பிறகு, என் மாணவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை.

ஒரே பிழைக்கு மூன்று தீர்வுகள்

அதன்பின் நான் தேடித் தேடிப் படித்தேன். அப்போது ஓர் ஒற்றுமை என் கண்ணில் பட்டது.

கோவென்ட்ரியின் பொறியாளர்கள் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட நான்காம் வகை ஸ்பிட்ஃபயரில் இப்பிழைக்கு விடை கண்டனர். பின்புறம் குறுக்காக அமைந்த பட்டைவில்லின் தகடுகள் முன்பு ஒன்றாக இறுக்கி முடுக்கப்பட்டிருந்தன. புதிய வில்லில் பெரும்பாலான தகடுகள் நடுவில் சுழன்றாடும்படி விடப்பட்டன. வளைவில் வண்டி சாயும்போது அந்த வில் முன்போல் எதிர்த்துத் தள்ளவில்லை. அதனால் பின்புறம் மேலெழுவது குறைந்தது. அதற்கு ஈடாக முன்புறம் சாய்வைத் தடுக்கும் தண்டு தடிப்பாக்கப்பட்டது.

சென்னையின் பொறியாளர்கள் வேறு வழியில் சென்றனர். ஹெரால்டுக்குப் பின் 1972ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட 'கெசல்' மகிழுந்தில் ஊசல் அச்சையே நீக்கிவிட்டு, லாரியில் இருப்பது போன்ற ஒரே திடமான பின் அச்சைப் பொருத்தினர். 

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 1971ஆம் ஆண்டு நவம்பரில், பொறியியல் கல்லூரியின் வாசலை மிதித்திராத ஒரு தோட்டத்து ஃபிட்டர், ஆலையில் கழித்துப்போட்ட பெல்ட்டைக் கொண்டு தம் தீர்வைச் செய்தார். இவ்வாறு பட்டை கட்டும் உத்தி உலகின் பிற இடங்களில் ஊசல் அச்சுப் பந்தய வண்டிகளிலும் கையாளப்பட்டதுதான். என் தந்தையார் உலகிலேயே முதலில் கண்டுபிடித்தார் என்று நான் பெருமையடிக்கவில்லை. அவர் வேறு எங்கேனும் பார்த்தாரா, தாமே சிந்தித்தாரா என்று கேட்டறியும் வாய்ப்பும் எனக்கு இல்லை. ஆனால் பிழையை உணர்ந்து, அதன் காரணத்தைச் சரியாகக் கண்டு, கையிலிருந்ததைக் கொண்டு அதனை அடக்கினார் என்பதற்குச் சான்று அத்தகட்டில் இருக்கிறது. கோவென்ட்ரியின் தீர்வு நூல்களில் இருக்கிறது. சென்னையின் தீர்வும் சிலர் எழுதியதால் நிலைத்திருக்கிறது. மூன்றாவது, அழுக்கைத் துடைத்ததால் மட்டுமே நமக்குக் கிடைத்தது.

சீர்செய்தலா, மாற்றியமைத்தலா?

இப்போது ஒரு சிக்கல் எழுந்தது. என் மாணவர் முதலில் வண்டியை 1968ஆம் ஆண்டு ஆலையிலிருந்து வெளிவந்தது போலவே ஆக்க விரும்பினார். பிரிட்டனில் இன்றும் ஸ்பிட்ஃபயரின் பெரும்பாலான பாகங்கள் புதிதாகக் கிடைக்கின்றன. அவ்வாறு செய்தால் தந்தையாரின் பட்டைக்கு அங்கே இடமில்லை. மற்றொரு புறம், ஆலையிலிருந்து வந்தபடியே அதனைப் பந்தயத் தடத்தில் ஓட்டினால் பிறவிப் பிழையும் உடன் ஓடும்.

பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றி 1964ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அறிஞர்கள் ஒரு சாசனம் வகுத்தனர். ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தவரும் ஆற்றிய பங்களிப்பையும் மதிக்க வேண்டும் என்பது அதன் கொள்கைகளுள் ஒன்று. ஒரே காலத்து வடிவை மீட்பதற்காக ஏனையவற்றை இடிப்பது சீர்செய்தல் ஆகாது. சோழர் கட்டிய கோயிலில் நாயக்கர் எழுப்பிய மண்டபத்தை நாம் இடிப்பதில்லை அல்லவா? பழைய மகிழுந்துகளுக்கான அனைத்துலகக் கூட்டமைப்பும் பின்னர் இதே வழியில் 'தூரின் சாசனம்' ஒன்றை ஏற்றுக்கொண்டது. நான் என் மாணவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "தம்பி, நீங்க எந்த வருசத்துக் காரைத் திரும்பக் கொண்டு வரப் போறீங்க? கோவென்ட்ரியில பொறந்த வருசமா, நம்ம ஊர்ல வாழ்ந்த வருசமா?"

மேலும், பந்தயத்திற்காக மாற்றுவது இவ்வண்டிக்கு அந்நியமும் அன்று. டிரையம்ஃப் நிறுவனமே ஸ்பிட்ஃபயரைக் கூரை மாற்றி, எடை குறைத்து 1964, 1965ஆம் ஆண்டுகளில் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்திற்கு அனுப்பியது. 1965இல் இரண்டு வண்டிகள் 13ஆம், 14ஆம் இடங்களில் முடித்து, தம் வகுப்பில் முதலிடமும் பெற்றன. அதே ஆண்டு நவம்பரில், ஹாங்காங்கின் டிரையம்ஃப் விற்பனையாளர் வால்டர் சல்கி, ஒருவர் மட்டும் அமரும்படி மாற்றிய ஸ்பிட்ஃபயரில் மக்காவ் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார்.

நம் வட்டாரத்திலும் சாலை வண்டிகளைக் கொண்டே பந்தயம் வளர்ந்தது. சிங்கப்பூரின் பழைய அப்பர் தாம்சன் சாலையில் 1961ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் பந்தயத்தில், மறு ஆண்டே யோங் நாம் கீ என்பவர் ஜாகுவார் ஈ-டைப் வண்டியில் வென்றார். 1968ஆம் ஆண்டு நம் சிலாங்கூரில் பத்து தீகா பந்தயத் தடம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ 1953ஆம் ஆண்டு உருவான சென்னை மோட்டார் விளையாட்டு மன்றத்தினர், போர்க்காலத்தில் அமைத்த சோழவரம் விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தினர். வெளிநாட்டு வண்டிகள் எளிதில் கிட்டாத நாட்டில், உள்ளூர் வண்டிகளின் உறுப்புகளைக் கொண்டே பந்தய வண்டி செய்யும் கலை வளர்ந்தது. 1995ஆம் ஆண்டு விமான விபத்தில் மறைந்த கோயம்புத்தூர் கரிவரதன் அதில் தலைசிறந்தவர். மாருதி 800 இயந்திரத்தைக் கொண்டு அவர் அமைத்த எளிய பந்தய வண்டிகளில் பயின்ற தலைமுறையைச் சேர்ந்தவரே நரேன் கார்த்திகேயன். இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான அவர் 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் நம் சிப்பாங் தடத்தில் ஓட்டி 11ஆவது இடத்தில் முடித்தார்.

செய்த பணிகள்

வேலை இரண்டு ஆண்டுகள் நீடித்தது. கடற்காற்று படும் ஊரில் நின்ற வண்டி ஆதலால் கதவுகளுக்குக் கீழுள்ள பக்கவாட்டுப் பெட்டிச்சட்டங்கள் துருவேறி உதிர்ந்தன. ஸ்பிட்ஃபயரில் அவை அழகுக்கானவை அல்ல, வண்டியின் முதுகெலும்பில் பங்குள்ளவை. அவற்றை அறுக்குமுன் கதவு நிலைகளுக்கு நடுவே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லையேல் உடற்கூடு நடுவில் தொய்ந்து, பிறகு கதவுகள் ஒருபோதும் சரியாக அடைபடா.

இயந்திரத்தில் முதலில் சோதித்தது கிராங்க் தண்டின் முன்பின் அசைவை. அதனைத் தடுக்கும் அரைவட்ட வில்லைகள் இவ்வகை இயந்திரத்தின் பலவீனம். அவை தேய்ந்து கீழே விழுந்தால் தண்டு இயந்திரக் கூட்டையே அரைத்துவிடும். கிளட்சை ஒருவர் மிதிக்க, மற்றொருவர் முன்புறக் கப்பியைக் கவனித்தால் போதும், அசைவு தெரிந்துவிடும். வில்லைகள் மாற்றப்பட்டன. இயந்திரத்தின் ஆற்றலை அதிகம் கூட்டவில்லை. மாறாக, நிற்கவும் திரும்பவும் குளிரவும் வேண்டியவற்றைச் செய்தார்கள். பிரேக் குழாய்கள் அனைத்தும் புதியவை. முன்சக்கரத் தட்டுப் பிரேக்குகளுக்கு வெப்பம் தாங்கும் கட்டைகள். நம் நாட்டு வெயிலுக்கேற்ற பெரிய ரேடியேட்டரும் மின்விசிறியும். ஓட்டுநர் தலைக்குப் பின்னால், கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவு.

பின்புறத்திற்கு 1970ஆம் ஆண்டு வகையின் சுழன்றாடும் பட்டைவில்லும், முன்புறத்திற்குத் தடித்த தண்டும் பொருத்தினார்கள். பட்டை மட்டுமே போதும் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பந்தயத் தடத்தின் வேகத்திற்கு அது போதாது. ஆனால் என் தந்தையார் துளையிட்ட அதே துளைகளில், அதே நீளத்தில், புதிய நைலான் பட்டைகளையும் கட்டினார் என் மாணவர். பழைய தகடுகளுள் ஒன்றைத் துருநீக்கி அதே இடத்தில் வைத்து முடுக்கினார். '11 71' என்ற எண்ணுக்கு அருகில் தம் எண்ணைத் தட்டவில்லை. "அது வேண்டாம் சார். நான் புதுசா ஒண்ணும் செய்யல, அவர் செஞ்சதுக்குப் புது வார் போட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

சிப்பாங்கில் ஒருநாள்

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறையில் அவர்களோடு சிப்பாங்கிற்குச் சென்றேன். 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அத்தடத்தில் 2017ஆம் ஆண்டுவரை ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவுகள். பத்து தீகா தடமோ இப்போது இல்லை, அவ்விடம் குடியிருப்பாகிவிட்டது.

அன்று பச்சை நிறச் சிறு ஸ்பிட்ஃபயரை எல்லா வண்டிகளும் முந்திச் சென்றன. அதனால் எவருக்கும் வருத்தமில்லை. மதியம் மழை தூறியது. ஈரத்தில் ஓட்ட வேண்டாம் என்று நான் சொல்ல நினைத்தேன், ஆனால் அந்த வண்டி பாரிட்டில் இறங்கியதும் இப்படிப்பட்ட ஈரத்தில்தான் என்பதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவர் மெதுவாக மூன்று சுற்றுகள் ஓட்டினார். மூன்றாம் சுற்றில் ஒரு வளைவில் முன்னால் சென்ற வண்டி திடீரென வேகம் குறைத்ததால் அவரும் காலை எடுக்க நேர்ந்தது. எந்த இடத்தில் எடுக்கக் கூடாதோ அந்த இடத்தில். நின்ற இடத்திலிருந்து எனக்கு அது தெரியவில்லை. வண்டியை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றியபின் அவரே சொன்னார்: "பின்னாடி லேசா அசைஞ்சுச்சு சார். அப்புறம் யாரோ புடிச்சுக்கிட்ட மாதிரி நின்னுருச்சு."

பட்டைவில்லா, நைலான் பட்டையா, அவருடைய நிதானமான வேகமா, எது பிடித்துக்கொண்டது என்று பிரித்துச் சொல்ல இயலாது. நான் அதனை ஆராய முயலவும் இல்லை.

பழைய பெல்ட்டுத் துண்டுகள் இரண்டும் இப்போது என் வகுப்பறை அலமாரியில், மற்றொரு தகட்டோடு ஒரு கண்ணாடிப் பெட்டியில் உள்ளன. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் அது என்னவென்று கேட்கிறார்கள். கேட்பவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு அனுப்புகிறேன்: உன் தாத்தா என்ன வேலை செய்தார், எதனைக் கொண்டு செய்தார்? பெரும்பாலோர் முதல் நாளில் "தெரியாது சார்" என்பார்கள். சிலர் மறுநாள் விடையோடு வருகிறார்கள். ஒரு மாணவி தன் பாட்டியின் பால்வெட்டும் கத்தியைக் கொண்டு வந்தாள். தேய்ந்துபோன பிடிக்குப் பாட்டியே சைக்கிள் ட்யூபைச் சுற்றியிருந்தாராம்.

தந்தையாரிடம் நான் கேட்காமல் விட்ட கேள்விகள் பல. உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருப்பின், இன்றே கேட்டு எழுதி வையுங்கள். மீண்டும் மற்றொரு கட்டுரையில் சந்திப்போம்.